காய்ந்த கிளையைப் பிளந்து பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 12 வயது பங்கனப்பள்ளி மாமரம் நிற்கிறது. மழைக்கு அப்புறம் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகின்றன. அடிமரத்தில் சாம்பல் பச்சையில் படை படையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. அதுதான் பூஞ்சை என்று கடையில் மருந்து கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் பலனில்லை. என்ன செய்வது?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அந்தப் படையை முதலில் மறந்துவிடுங்கள். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதற்குச் சொந்தக்காரர்தான் அது. பட்டைமேல் குடியிருக்கும், மரத்தை உறிஞ்சாது. பாவம், அதற்கு இரண்டு தடவை மருந்து!

காய்ந்த இலை உதிர்ந்துவிட்டதா, தொங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இலை பழுப்பாகி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, வாரக்கணக்கில் கிளையிலேயே தொங்கினால், கிளையில் பிசினும் கசிந்தால், நுனிக்கருகல் என்று சந்தேகப்படலாம். லாசியோடிப்ளோடியா என்ற பூஞ்சையின் வேலை இது. உறுதி செய்ய ஒரு கத்தி போதும்: காய்ந்ததும் பச்சையும் சேருகிற இடத்தில் கிளையை வெட்டி நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு கீழ்நோக்கி ஓடியிருக்கும். கோடு இல்லாமல் துளையும் மரத்தூளும் தெரிந்தால் அது தண்டுத் துளைப்பான், பூஞ்சை மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. கிளைக்கவட்டில் இளஞ்சிவப்பாகப் பூசினாற்போல் இருந்து பட்டை வெடித்திருந்தால் இளஞ்சிவப்பு நோய், அதுவும் பூஞ்சைதான். விரலால் தேய்த்தால் வந்துவிடுகிற கரி போன்ற படிவு தத்துப்பூச்சி விட்ட இனிப்புக் கழிவில் வளர்வது, கிளையைக் கொல்லாது.

சரி, நுனிக்கருகல்தான் என்று வைத்துக்கொள்வோம். பூஞ்சை கட்டைக்குள் இருக்கிறது, மேலே அடிக்கிற மருந்து அங்கே போகாது, அதனால் கவாத்துதான் வைத்தியம். மழையில்லாத நாளில், காய்ந்த இடத்துக்குக் கீழே 10 செ.மீ. நல்ல கட்டையையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டுவாயில் இன்னும் பழுப்பு தெரிந்தால் மேலும் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள், வெட்டியதை எரித்துவிடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை பூசவேண்டும்: 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு வாளி கூடாது. கலவையில் இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்புநிறம் படியக்கூடாது, படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றன்றைக்குக் கலக்கி அன்றே பூசிவிடுங்கள்.