உளுந்தஞ்சோற்றுக்குப் பூண்டு: முழுசா, பல்லா?

அண்ணாச்சி, உளுந்தஞ்சோற்றுக் குறிப்பில் 'பூண்டு 15' என்று மொட்டையாகப் போட்டிருப்பதால் முழுப் பூண்டா, பல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். பல்தான். 15 முழுப் பூண்டு போட்டால் பாளையங்கோட்டை வரை மணக்கும்!

ஆனால் அந்த எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். சின்னப் பூண்டில் பல் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு (2019இல் புவிசார் குறியீடு வாங்கியது) பெருவெட்டு, காரமும் கூட. ஒரு உழக்கு அரிசி, அரை உழக்கு தொலி (தோல் நீக்காத) உளுந்துக்குச் சின்னப் பல் என்றால் 15, மலைப்பூண்டு என்றால் 6, 7 போதும்.

உரித்து, முழுப் பல்லாகவே போடுங்கள். நசுக்கினால்தான் பூண்டில் காரம் கிளம்பும். நசுக்காமல் குக்கரில் வெந்தால் வெண்ணெய் மாதிரி குழைந்து லேசாக இனிக்கும். பிள்ளைகள்கூட ஒதுக்கி வைக்காது. தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையல் கதை வேறு: அதில் பச்சையாக 2 பல் அரைத்தாலே தூக்கலாகத் தெரியும்.

நடுவில் பச்சை முளை இருந்தால் கிள்ளி எறியுங்கள், கசக்கும். அப்புறம், கடையில் வாங்கும்போது பூண்டை ஒருதரம் அமுக்கிப் பாருங்கள். சருகாக அமுங்கினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.