எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய், பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சமீபத்தில் புராஸ்டேட் வீக்கத்துக்கு ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதிலிருந்து விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒருமுறை பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். கிளினிக்கில் பிரஷர் 140/80 என்கிறார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். 140/80 சரியான அளவாகவே இருக்கலாம், ஆனால் அது நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தது. அப்பா விழுந்தது எழுந்து நடந்தபோது.

படுத்திருப்பவர் எழுந்ததும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிரஷர் சரியத் தொடங்கும். கழுத்தின் இருபுறமும், தாடைக்குச் சற்றுக் கீழே தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், இதைக் கண்டுபிடிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று இவை கவனித்துக்கொண்டே இருக்கும். விரிவு குறைந்தால் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தகவல் போகும். உடனே இதயம் வேகம் எடுக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். சில நொடிகளில் பிரஷர் நிலைக்கு வந்துவிடும். (இவற்றுக்குப் பக்கத்திலேயே, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சை வேகப்படுத்தச் சொல்லும் சிறு உறுப்பும் இருக்கிறது. கழுத்திலிருந்தும் மகாதமனியிலிருந்தும் மூச்சு இப்படிக் கட்டுப்படுத்தப்படுவதைக் காட்டியதற்காகத்தான் பெல்ஜிய விஞ்ஞானி ஹேமன்ஸுக்கு 1938க்கான நோபல் பரிசு.)

உங்கள் அப்பாவுக்கு இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் தடைபட்டிருக்கலாம் என்பது என் சந்தேகம். நாள்பட்ட சர்க்கரை, தகவலைக் கொண்டுபோகும் நரம்புகளையே பழுதாக்கும். புராஸ்டேட் மாத்திரையோ சிறுநீர்ப்பையின் வாய்த் தசையைத் தளர்த்துவது. அந்த வகை மாத்திரைகள் ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். சுருங்கு என்ற உத்தரவு வந்தாலும் குழாய் முழுதாகச் சுருங்காது. போதாக்குறைக்கு, நிறைந்த சிறுநீர்ப்பை காலியாகும்போதும் பிரஷர் இறங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு, ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷரும் நாடித்துடிப்பும் பாருங்கள். பிறகு நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கிறுகிறுத்தால் உடனே உட்காரவைத்துவிடுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் பிரச்சினை.

நாடித்துடிப்பைக் குறிக்க மறக்காதீர்கள். பிரஷர் நன்றாக இறங்கியும் துடிப்பு அசையாமல் இருந்தால் நரம்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். துடிப்பு தடதடவென்று ஏறினால் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், ரத்தம் குறைந்திருக்கலாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நரம்பில்தான் சந்தேகம் என்றால் டாக்டர் ஈ.சி.ஜி. போட்டுக்கொண்டு நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடச் சொல்வார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாவதும் விடும்போது தணிவதும் இயல்பு. நரம்பு கெட்டவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும். விடியற்காலைத் தலைசுற்றலுக்குச் சர்க்கரை இறங்குவதும் காரணமாகலாம், அந்த நேரத்தில் ஒருமுறை அதையும் பாருங்கள்.

இந்த அளவுகளோடு, எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். பிரஷருக்கு ஒருவர், புராஸ்டேட்டுக்கு ஒருவர் என்று இரண்டு டாக்டர்கள் இருந்தால், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவது சகஜம். மாத்திரையை மாற்றுவதா, வேளையை மாற்றுவதா என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

அதுவரை அப்பா படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் நன்றாக ஆட்டிவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்து எழுந்திருக்கட்டும். ராத்திரியில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். கட்டிலருகே யூரின் கேன் வைத்தால் இன்னும் நல்லது. நிற்கும்போது கண் இருட்டினால் காலைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்கலாம், பிரஷர் கொஞ்சம் ஏறும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். ராத்திரியில் சிறுநீர் சேர்வது குறையும். தலையணையை அடுக்கினால் கழுத்து வலிதான் மிச்சம். காலையில் எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் மடமடவென்று குடிப்பது நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியலும் வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம். யாராவது உப்பைக் கூட்டச் சொன்னால் கேட்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது.

உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, கருப்பாக மலம் போவது, பேச்சுக் குழறல் இருந்தால், அல்லது விழுந்ததில் தலையில் அடிபட்டால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.