ஃபயர்வால் கேட்டதும் 'அலோ' அழுத்தலாமா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபயர்வால் பற்றியவை, அதாவது கணினிக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே நின்று இணைப்புகளை விடவா தடுக்கவா என்று பார்க்கும் காவல்காரன். அதனால் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீடியோ அழைப்புக்கான மென்பொருள் ஒன்றை நிறுவினேன். முதல் தடவை திறந்ததும் விண்டோஸ் ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதிக்கவா என்று கேட்டது. பயந்துபோய் 'கேன்சல்' அழுத்தினேன். ஆனாலும் அழைப்பெல்லாம் ஒழுங்காகப் போகிறது. பிறகு எதற்கு அந்தப் பெட்டி?

பதில்: கேன்சல் அழுத்திவிட்டுக் காரணமும் கேட்கிறீர்களே, அதற்கே ஒரு வணக்கம். விண்டோஸ் ஃபயர்வாலை நீங்கள் மாற்றாமல் விட்டால், கணினியிலிருந்து வெளியே போகும் இணைப்புகளை அது பொதுவாகத் தடுக்காது. வெளியிலிருந்து தானாக வருவதைத்தான் மறிக்கும். நாம் ஒருவருக்குப் போன் போட்டால் அவர் பேசுவது அதே அழைப்பில் நம் காதுக்கு வந்துவிடுகிறது; அதற்காக நம் எண்ணை ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் மென்பொருளும் தானே வெளியே போய் சர்வருடன் பேசுகிறது, பதில் அந்த வழியாகவே திரும்புகிறது. பெட்டி கேட்டது வேறு: வேறொரு கணினி தானாக வந்து இந்த மென்பொருளைத் தொடர்புகொள்ளலாமா என்று.

அது தேவைப்படும் இடங்கள் குறைவு. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி ஸ்கேன் செய்ததைக் கணினிக்கு அனுப்புவது, வீட்டு வைஃபையில் போனிலிருந்து கணினிக்குக் கோப்பு தள்ளுவது, நண்பர்கள் சேர்ந்து ஆடும் விளையாட்டை உங்கள் கணினியிலிருந்து நடத்துவது, இப்படிச் சில. அங்கேயும் 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு, அதாவது வீட்டு வைஃபை மாதிரி நீங்கள் நம்பும் இடத்துக்கு மட்டும் டிக் போடுங்கள். 'பப்ளிக்' என்பது ரயில் நிலையம், விடுதி, காபி கடை வைஃபை. அங்கே பக்கத்து மேசைக்காரர் உங்கள் கணினியைத் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? சந்தேகம் இருந்தால் கேன்சல். ஏதாவது வேலை செய்யாமல் போனால் அப்புறம் போய் அனுமதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அங்குலத்தை சென்டிமீட்டராக மாற்றும் குட்டி மென்பொருள் ஒன்று. அதுவும் அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 2.54-ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: வெளியே போகும் இணைப்புகளையும் கேட்டுக் கேட்டு விடும் இலவச ஃபயர்வால் ஒன்றைப் போட்டேன். எஸ்விசிஹோஸ்ட் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்பக் கேட்டது. பெயரே வைரஸ் மாதிரி இருந்ததால் நிரந்தரமாகத் தடுத்துவிட்டேன். இப்போது ஒரு இணையதளமும் திறக்கவில்லை. பிரவுசரை அனுமதித்துத்தான் இருக்கிறேன்.

பதில்: முதலில் அந்தத் தடையை எடுங்கள். அது விண்டோஸின் சொந்த வேலையாள். இணையதளத்தின் பெயரை ஐபி முகவரியாக (கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எண்) மாற்றுவது, ரூட்டரிடமிருந்து உங்கள் கணினிக்கு முகவரி வாங்குவது, விண்டோஸ் அப்டேட் என்று பல வேலைகள் அதன் பெயரில்தான் நடக்கின்றன. அதை நிறுத்திவிட்டால் பிரவுசருக்குப் போகும் இடமே தெரியாது.

ஆனால் உங்கள் சந்தேகம் அர்த்தமற்றதும் இல்லை. இந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு திரியும் வைரஸ்கள் உண்டு. பெயரை விட்டுவிட்டு இருப்பிடத்தைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் போய் நின்றால் சரி. டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ நின்றால் உங்கள் பயம் நியாயமானது. எழுத்து இடம் மாறி 'எஸ்சிவி' என்று தொடங்கினாலும் அப்படித்தான்.

இன்னொன்று. இந்த வகை ஃபயர்வாலில் ஆரம்பத்தில் 'இந்த ஒரு முறை மட்டும்' என்பதையே அழுத்துங்கள். என்ன நிற்கிறது, என்ன ஓடுகிறது என்று தெரிந்த பிறகு நிரந்தரமாக்கலாம்.

கேள்வி: இரண்டு ஃபயர்வால் போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?

பதில்: இரட்டைத் தலைவலி. ஒன்று போதும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்புத் தொகுப்பு வைத்திருக்கிறேன். மாதா மாதம் 'ஆயிரக்கணக்கான தாக்குதல்களைத் தடுத்தோம்' என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை வருகிறது. சந்தா முடியப் போகிறது. புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் உள்ளே வந்துவிடுமா?

பதில்: வராது. இந்த எண்ணிக்கைப் பலகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இணையத்தில் நேரடியாக இருக்கும் எந்த முகவரியையும் தானியங்கி நிரல்கள் நாள் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் பெயர் தெரிந்து வருபவை அல்ல. வீட்டில் ரூட்டர் இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும், கணினிவரை வருவதில்லை. அப்படியென்றால் அந்த ஆயிரங்கள் எங்கிருந்து வந்தன? பல சமயம் உங்கள் பிரிண்டரும் டிவியும் வீட்டு நெட்வொர்க்கில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று குரல் கொடுத்ததையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். மூடிய கதவில் பட்டதற்கெல்லாம் கணக்கு எழுதி, அதைக் காட்டிச் சந்தா வாங்குவது ஒரு வியாபாரம்.

மூடிய கதவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்து வைத்திருந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் கெட்ட நிரல்) 135-ஆம் போர்ட் வழியாக, அதாவது கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றின் வழியாக உள்ளே வந்து கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். 2004-இல் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்தபோதுதான் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி ஆனது. அன்றிலிருந்து அந்த மூடிய கதவு உங்களுக்கு விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. சத்தம் போடாமல் வேலை செய்வதால் அதை யாரும் மதிப்பதில்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற புழு 445-ஆம் போர்ட் வழியாகப் பரவியபோதும் இதே கதை. திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது.

நானும் இப்படி ஒரு தொகுப்புக்குப் பல ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டியவன்தான். தள்ளுபடி என்றார்கள். அது விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிட்டு அதே வேலையைத் தான் செய்தது, கூடவே எண்ணிக்கைப் பலகை. நிறுத்தப் போனால் ரத்து செய்யும் பொத்தானைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. நீங்கள் இன்றைக்கே போய்த் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். தொகுப்பை நீக்கிய பிறகு விண்டோஸ் ஃபயர்வால் மறுபடி இயங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைன் விளையாட்டு ஒன்று அடிக்கடி அறுந்தது. உதவி மையத்தில் ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அணைத்தேன். அப்படியே விட்டுவிட்டேன், சில மாதம் ஆகிறது. விளையாட்டு இன்னும் அறுகிறது.

பதில்: அறுகிறது என்றால் காரணம் ஃபயர்வால் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதே! பிறகும் ஏன் அணைத்தே வைத்திருக்கிறீர்கள்? இந்த வரியைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் இயக்குங்கள். சோதிப்பதானால் அந்த விளையாட்டின் கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கேபிள் போட்டு ஆடிப் பாருங்கள், பல சமயம் குற்றவாளி வைஃபைதான். விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்த ரூட்டர் என்று சொல்லி விற்பார்கள், வாங்கிவிடாதீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. விளக்குகள் அழகாக எரிகின்றன.

கேள்வி: உங்கள் கணினியில் ஊடுருவல் நடக்கிறது என்று ஒருவர் போன் செய்தார். ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொன்னார். கருப்புத் திரையில் எண்களாக ஓடவிட்டு, இவர்களெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்றார். 'ஃபயர்வால் கட்டணம்' என்று பணமும் கட்டிவிட்டேன். வீட்டில் திட்டுகிறார்கள். என் ஃபயர்வால் ஏன் தடுக்கவில்லை?

பதில்: திட்டுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்: இதையே தொழிலாகச் செய்பவர்கள், எதிரே இருப்பவரை யோசிக்க விடாமல் பேசத் தெரிந்தவர்கள். படித்தவர்கள், கணினியிலேயே வேலை பார்ப்பவர்கள்கூட விழுகிறார்கள். நீங்கள் பார்த்த எண்கள் நெட்ஸ்டாட் என்ற கட்டளையின் விடை. கணினி அந்த நேரத்தில் யாருடன் தொடர்பில் இருக்கிறது என்ற பட்டியல் அது. பிரவுசரில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து வைத்தாலே பல வரிகள் வரும். ஃபயர்வால் தடுக்காததற்குக் காரணம், அந்தச் செயலியை நீங்களே நிறுவினீர்கள், அது உள்ளிருந்து வெளியே போய் இணைந்தது.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் வங்கிக்குப் போன். கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். காவல் துறையில் புகார் கொடுங்கள். ஆவணங்களை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவது நல்லது. இன்னொன்றும் நடக்கலாம்: போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வேறொருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டம்தான்.

கேள்வி: புது மேக் வாங்கினேன். ஃபயர்வால் அணைந்தே இருக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. அப்படித்தான் வரும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் போய் இயக்கிக்கொள்ளுங்கள். அதுவும் உள்ளே வருவதை மட்டும்தான் பார்க்கும். வெளியே போவதையும் பார்க்க வேண்டுமானால் லிட்டில் ஸ்னிட்ச் என்ற மென்பொருள் காசுக்குக் கிடைக்கிறது, லூலூ என்பது இலவசம். இலவசத்தை முதலில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எப்போதோ நீக்கிய மென்பொருள்களின் பெயர்கூட இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமா?

பதில்: எடுத்துவிடுங்கள். அனுமதி பெரும்பாலும் கோப்பு இருக்கும் இடத்தையும் பெயரையும் வைத்துத் தரப்படுகிறது. அதே இடத்தில் அதே பெயரில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் பழைய அனுமதி அதற்கும் கிடைக்கும். நீங்கள் நிறுவியதாக நினைவிருக்கும் பெயர்களை மட்டும் நீக்குங்கள். விண்டோஸின் சொந்த வரிகளில் கை வைக்க வேண்டாம். பட்டியல் குழம்பிக் கிடந்தால் பழைய நிலைக்கே திருப்பும் வசதி ஃபயர்வால் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பிறகு மென்பொருள்கள் மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்கும். அப்போது எல்லாவற்றுக்கும் 'அலோ' அழுத்திவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.