ஹஜ் பாதையின் குளங்கள்

கேள்வி: இடைக்கால அரபு மக்கள் தண்ணீரில்லாத பாலைவனத்தை எப்படிக் கடந்தார்கள்?

பதில்: ஒட்டகம் இருந்தது, சரி. ஆனால் ஒட்டகத்தை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கானோர் போக முடியுமா? என்னைப் பிரமிக்க வைப்பது இன்றைய இராக்கிலுள்ள கூஃபா நகரிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் பாதைதான். அன்றைய இஸ்லாமியப் பேரரசை ஆண்ட கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் மனைவி சுபைதா, அங்கே கிணறுகளும் குளங்களும் அமைக்கப் பணத்தை வாரி வழங்கினார். எப்போதாவது பெய்யும் மழை ஓடைகளில் பாய்ந்து வரும். அதைக் கல்கட்டுக் குளங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். சில இடங்களில் தண்ணீர் முதலில் சிறு தொட்டியில் தேங்கும். மணலும் வண்டலும் அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீர் மட்டும் பெரிய குளத்துக்கு வழியும். சில குளங்களில் உள்ளே சுற்றிலும் படிகள். நீர்மட்டம் இறங்கினாலும் மொண்டுகொள்ளலாம். எவ்வளவு அக்கறையான யோசனை! சுபைதா 831-இல் காலமானார். அப்புறமும் பல தலைமுறை யாத்ரிகர்களின் தாகத்தைத் தீர்த்தவை அந்தக் குளங்கள்தான்.