மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடு படத்தில் மேக்ஸின் கண்ணுக்கு அடிக்கடி தெரியும் சிறுமி யார்? முன்கதையாக வந்த காமிக்ஸில் பதில் இருக்கிறதா?

அவள் மேக்ஸின் மகள் இல்லை. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 1979இல் வந்த முதல் படத்தில் மேக்ஸுக்கு இருந்தது ஒரு சின்ன ஆண் குழந்தை. அவன் மீதும் மனைவி மீதும் பைக் கும்பல் நடுரோட்டில் வண்டியை ஏற்றிவிடும், குழந்தை இறந்துவிடும். ஃப்யூரி ரோடில் வந்து நின்று கேள்வி கேட்பவள் வேறு. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் குளோரி என்று வரும். படத்துக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை.

அவள் கதை முழுவதும் காமிக்ஸில்தான் இருக்கிறது. படம் வந்த 2015லேயே காமிக்ஸ் நிறுவனமான டிசியின் வெர்டிகோ பிரிவு நான்கு இதழ்களை வெளியிட்டது: ஜோவின் இளம் போர்வீரன் நக்ஸும் வில்லன் இம்மார்ட்டன் ஜோவும் சேர்ந்து ஒன்று, ஜோவின் பிடியிலிருந்து பெண்களைத் தப்பிக்க வைக்கும் நாயகி ஃப்யூரியோசாவுக்கு ஒன்று, மேக்ஸுக்கு இரண்டு. பட விளம்பரத்துக்காக யாரோ எழுதிக் கொடுத்தது என்று ஒதுக்க முடியாது. எழுதியவர்களில் இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒருவர். இன்னொருவரான மார்க் செக்ஸ்டன், படத்துக்கு ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கும் படங்கள்) வரைந்தவர். ஃப்யூரி ரோடே முதலில் சுமார் 3500 கட்டங்களாக வரைந்து உருவான படம்தானே!

இனி கதை தெரிந்துவிடும், படிக்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மேக்ஸ் தன் இன்டர்செப்டர் காரை மறுபடி ஓட வைக்க ஒரு வி8 என்ஜின் தேடி கேஸ் டவுனுக்குப் போகிறான். அங்கே தண்டர்டோம் என்ற கூண்டு அரங்கில் சண்டை போட்டு ஜெயிக்கிறான். அப்புறம் பஸார்டுகள் (படத்தில் முள் முள்ளாகக் கம்பி வைத்த வண்டிகளில் வருவார்களே, அவர்கள்தான்) அவனைத் தாக்க, ஒரு பெண் காப்பாற்றுகிறாள். பதிலுக்கு அவள் கேட்பது ஒன்றே ஒன்று: பஸார்டுகள் பிடித்து வைத்திருக்கும் என் மகளை மீட்டுக் கொடு. அவர்களுடைய இடத்துக்குள்ளேயே இறங்கி குளோரியை மீட்டுக்கொண்டு வருகிறான். தாயும் மகளும் சேர்ந்தாயிற்று, முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது, துரத்தி வந்த வண்டி இருவரையும் ஏற்றிக் கொன்றுவிடுகிறது. முதல் படத்தில் குடும்பத்தை இழந்த அதே விதம். பார்த்துக்கொண்டிருந்தும் அவனால் தடுக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு படத்தின் கடைசித் துரத்தலைப் பாருங்கள். குளோரி சட்டென்று முன்னால் தோன்ற, மேக்ஸ் அனிச்சையாகக் கையை நெற்றிக்கு முன்னால் தூக்குவான். அந்த நொடியில் பாய்ந்து வரும் அம்பு உள்ளங்கையைத் துளைத்து நிற்கும். கை இல்லாவிட்டால் மண்டைதான். முதல் தடவை பார்த்தபோது அதை வெறும் பதற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதுவரை அவனைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தவள் அங்கே அவன் உயிரைக் காப்பாற்றுகிறாள்.

மற்ற இரண்டு இதழ்கள்? இம்மார்ட்டன் ஜோ, கர்னல் ஜோ மூர் என்ற ராணுவக்காரனாக இருந்து தண்ணீரைப் பிடித்து ராஜாவான கதை சுவாரசியம்தான். ஃப்யூரியோசா இதழ் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஜோ பூட்டி வைத்த பெண்களுக்கு என்ன நடந்தது என்பதைப் படம் அறையில் கிறுக்கியிருக்கும் சில வரிகளிலேயே சொல்லிவிடும். காமிக்ஸ் அந்தக் கொடுமையைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது, வெளிவந்தபோதே இதற்கு நிறைய திட்டு வாங்கியது. ஃப்யூரியோசாவின் சிறுவயதிலிருந்து சொல்லும் 2024 படத்தைப் பார்த்திருந்தால் இந்த இதழ் தேவையே இல்லை.

நான்கும் சேர்ந்த தொகுப்பாகவும் கிடைக்கும். வாங்கினால் நேராக மேக்ஸ் பகுதிக்குப் போங்கள், நேரம் இருந்தால் ஜோவுக்குத் திரும்பி வாருங்கள்.