முதல் நூறில் இல்லாத மருத்துவக் கல்லூரிகள்

கேள்வி: உலக மருத்துவப் பல்கலைக்கழகத் தரவரிசைகளில் முதல் 100 இடங்களைப் பெரும்பாலும் பணக்கார நாடுகளே பிடித்துக்கொள்கின்றன. இத்தனை மருத்துவக் கல்லூரிகளை வைத்துக்கொண்டு வளரும் நாடுகள் என்னதான் செய்கின்றன?

பதில்: வைத்தியம் செய்கின்றன. அதற்கு அந்தப் பட்டியல்களில் மதிப்பெண் கிடையாது.

சந்தேகம் இருந்தால் மதிப்பெண் போடும் விதத்தைப் பாருங்கள். ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகம் 2003-ல் தொடங்கிய பொதுவான உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண், நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கிய பழைய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் போகிறது. இன்னொரு 20 சதவீதம் 'நேச்சர்', 'சயின்ஸ்' என்ற இரண்டே இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுக்கு. லண்டனைச் சேர்ந்த க்யூ.எஸ். நிறுவனம் மருத்துவத்துக்கென்று தனிப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் கணிசமான பங்கு, கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று கேட்டு வாங்கும் கருத்து. ஏற்கெனவே புகழ் பெற்ற பெயர்தான் அங்கே மறுபடியும் வரும். மிச்சத்தில் முக்கியமானது, ஒரு கல்லூரியின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு. அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவருக்குச் சிக்கலான பிரசவத்தைக் கையாளத் தெரியுமா, அவர் இப்போது எந்த ஊரில் நோயாளி பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

1971-ல் வங்கதேசப் போரின்போது இந்திய எல்லையோரம், மேற்கு வங்கத்தின் பங்காவோனில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் தலையங்கம் எழுதியது. கோடிக்கணக்கான குழந்தைகள் இந்த முறையால் பிழைத்திருக்கிறார்கள். மகலனாபிஸ் 2022-ல் காலமானார். நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஷாங்காய்க் கணக்கின் அந்த 30 சதவீதத்தில் அவர் வேலைக்கு இடமே இல்லை. இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் காக்கும் முறை உருவானதும் இப்படிப்பட்ட சாதனைதான்.

அளவுகோலை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவிலேயே பார்த்துவிட்டார்கள். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற மருத்துவரின் குழு 2010-ல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளை வேறு விதமாக வரிசைப்படுத்தியது. பட்டதாரிகளில் எத்தனை பேர் அடிப்படை மருத்துவத்துக்குப் போனார்கள், எத்தனை பேர் டாக்டர் இல்லாத பகுதிகளில் வேலை செய்கிறார்கள், சிறுபான்மை இனத்து மாணவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டது என்ற மூன்றை மட்டும் எண்ணினார்கள். முதல் மூன்று இடங்களுக்கு வந்தவை மோர்ஹவுஸ், மெஹாரி, ஹோவர்ட். மூன்றுமே கறுப்பின மக்களுக்காகத் தோன்றிய கல்லூரிகள். அரசின் ஆராய்ச்சிப் பணத்தை அதிகம் வாங்கும் கல்லூரிகள் பொதுவாகப் பின்னால் நின்றன.

இதே கேள்விகளை வளரும் நாடுகளில் கேட்டால் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே 1976-ல் தொடங்கிய பள்ளியில் மாணவரை ஊரே தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. முதலில் பேறுகாலப் பணியாளராகப் பயிற்சி, பிறகு நர்ஸ், தகுதி இருந்தால் டாக்டர். ஒவ்வொரு படியிலும் ஊருக்குத் திரும்பிப்போய் வேலை செய்தால்தான் அடுத்த படி. அங்கே படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டைவிட்டுப் போகவில்லை. மருத்துவர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு செல்லும் ஒரு நாட்டில் இது எத்தனை பெரிய காரியம்! எந்த உலகத் தரவரிசையும் இதை எண்ணுவதில்லை.

பட்டியல் வெறும் பெருமைக்கு என்றால் விட்டுவிடலாம். ஆனால் அதை நம்பி முடிவுகள் எடுக்கிறார்கள். 2022-ல் பிரிட்டன் திறமையாளர்களுக்கென்று ஒரு விசா கொண்டுவந்தது. முன்னணித் தரவரிசைகளில் முதல் 50-க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கே அப்போது அந்த விசா. முதல் பட்டியலில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, லத்தீன் அமெரிக்கா மூன்றிலிருந்தும் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி 2023-ல் தன் நாட்டுத் தரவரிசை ஒன்றுக்கு இனி விவரம் தரமாட்டோம் என்று விலகியது. அதற்கு அந்தத் துணிவு கட்டுப்படியாகும். ஏழை நாட்டுக் கல்லூரியோ இடம்பிடிக்க ஓடுகிறது. கட்டுரை எண்ணிக்கையைக் கொண்டு பதவி உயர்வு தருகிறார்கள். வார்டில் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பேராசிரியர் கட்டுரை தயாரிக்கிறார். பாம்புக்கடியால் உலகில் ஆண்டுக்கு 81,000-லிருந்து 1,38,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். ஆனால் மேற்கோள் எண்ணிக்கையைத் துரத்தும் ஆய்வாளர் பணக்கார நாடுகள் படிக்க விரும்பும் நோயையே தேடிப் போவார்.

இதைச் சொல்வதால் எல்லாக் கல்லூரிகளுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் படுக்கைகளில் நோயாளிகளைப் படுக்கவைக்கும் கல்லூரி மக்களுக்கு ஆபத்து; அதை மூட வேண்டும். ஆனால் அந்த மோசடியைத் தரவரிசை ஒருநாளும் கண்டுபிடிக்காது. அது அங்கீகாரம் தரும் அமைப்பின் வேலை. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில்லை. அங்கீகாரம் தரும் அமைப்புகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்றுதான் பார்க்கிறது. அடுத்த முறை ஒரு கல்லூரியைப் பற்றிக் கேட்கும்போது, அதன் மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு எத்தனை புறநோயாளிகள் வருகிறார்கள், பத்து ஆண்டுகளுக்கு முன்பு அங்கே படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல மறுக்கும் கல்லூரி எந்தப் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் அங்கே பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்.