வாட்ச் காட்டும் கலோரியை நம்பி வடை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்று மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். ஒவ்வொரு நடைக்கும் 310 கலோரி எரிந்ததாக ஸ்மார்ட்வாட்ச் காட்டுகிறது. அந்தத் தைரியத்தில் மாலையில் இரண்டு மெதுவடை சாப்பிடுகிறேன். எடை அசையவே இல்லை. வாட்ச் பொய் சொல்கிறதா, டாக்டர்?
- வாசகி, மதுரை

பதில்: பொய் இல்லைம்மா, ஊகம்.

உடலின் ஆற்றல் செலவை மூச்சை வைத்துத்தான் அளக்கிறோம். சாப்பிட்டதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கிலோகலோரி கிடைக்கும். (பேச்சில் கலோரி என்பது இந்தக் கிலோகலோரியைத்தான்.) ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனையும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். வீட்டில் வழக்கம்போல் நடமாடுபவருக்கு வேறு முறை உண்டு. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் (ஐசோடோப்புகள்) கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிப்பார்கள். அந்த ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் போகும், கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசம் செலவைச் சொல்லிவிடும். அருமையான முறை, ஆனால் செலவு பிடிக்கும்.

வாட்ச் இதில் எதையும் செய்வதில்லை. சில வாட்ச்சுகள் காட்டும் ரத்த ஆக்சிஜன் சதவீதம் வேறு சமாச்சாரம். எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்பதை அது சொல்லாது. நாடித்துடிப்பு, கை அசைவு, நீங்கள் பதிந்த வயது, எடை ஆகியவற்றை வைத்து ஒரு சூத்திரம் போடுகிறது, அவ்வளவுதான். சித்திரை வெயிலிலும், காபி குடித்த பிறகும், பதற்றத்திலும் நாடி ஏறும். செலவு அதே அளவு ஏறாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பைச் சரியாகவே காட்டின. கலோரியிலோ இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். சுமாரான வேக நடை என்பது சும்மா இருப்பதைப் போல மூன்றரை மடங்கு செலவு. சும்மா இருக்கும்போது கிலோவுக்கு மணிக்கு சுமார் 1 கலோரி. ஆக 68 கிலோவுக்கு 45 நிமிட நடை சுமார் 180. நடக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாலே அதில் 50 செலவாகியிருக்கும். நடையால் கிடைத்த கூடுதல் செலவு 130 தான். மெதுவடையோ, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, ஒன்றே 100-ஐத் தாண்டிவிடும். இரண்டு சாப்பிட்டால் நடை அங்கேயே கழிந்துபோயிற்று.

பெரும் செலவு நடையில் இல்லை. இதயம், மூளை, கல்லீரல் ஓடுவதில்தான் இருக்கிறது. சும்மா இருந்தாலே நாளுக்கு ஆகும் செலவைக் கணிக்க மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் உண்டு. அதில் பெண்களுக்கு: எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கையும் 161-ஐயும் கழிக்க வேண்டும். உங்களுக்கு ஏறக்குறைய 1,300 வருகிறது. உட்கார்ந்த வேலைக்கு அதை 1.4-ஆல் பெருக்கினால் நாளுக்கு 1,800 சொச்சம். இதுவும் ஊகம்தான், ஆளுக்கு ஆள் 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

உங்களிடம் இருக்கும் நம்பகமான கருவி எடை மெஷின். இரண்டு வாரம், காலையில் சாப்பிடுமுன் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். கூடவே எண்ணெய், காபிச் சர்க்கரை உட்பட சாப்பிடுவதை எழுதுங்கள். சராசரி மாறவில்லை என்றால், நீங்கள் சாப்பிட்டதுதான் உங்கள் செலவு. அதிலிருந்து தினம் 300 குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும்.

நடையை நிறுத்தாதீர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது. அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். வடை வாரம் ஒருநாள் போதும்.